ஜுமுஆவுக்கு முன் ஒரு மணி நேரம்: வீட்டைச் சுத்தம் செய்யும்போது நாம் மறந்துவிடும் இடங்கள்

 

ரமலான் பிறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நம் வீடுகளில் சுத்தம் செய்யும் வேலை தொடங்கிவிடும். ஒட்டடை அடிப்போம், திரைச்சீலைகளைத் துவைப்போம், பரண் மேல் இருக்கும் பாத்திரங்களை இறக்கித் தேய்ப்போம். வசதி இருந்தால் வெள்ளையும் அடிப்போம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல பழக்கம். தூய்மை ஈமானோடு சேர்ந்தது என்று சிறு வயது மதரஸாவிலேயே கற்றுக்கொண்ட சமுதாயம் நாம். ஆனால் சென்ற மழைக்காலத்தில் நாங்கள் கண்ட ஒரு வீடு, சுத்தம் என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கே புதிதாகச் சொல்லிக்கொடுத்தது.

மருத்துவ உதவி கேட்டு ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஒன்பது வயது மகனுக்கு டெங்குக் காய்ச்சல். வழக்கம்போல விசாரணைக்காக வீட்டுக்குப் போனோம். வீடு பளிச்சென்று இருந்தது. தரையில் ஒரு தூசி இல்லை. அந்தத் தாய் கண் கலங்கி, "எங்க வீட்ல எங்கேயாவது குப்பை பார்த்தீங்களா பாய்? எப்படி வந்துச்சு இந்தக் காய்ச்சல்?" என்று கேட்டார். எங்களோடு வந்த இளைஞர் ஒருவர் பிரிட்ஜை நகர்த்தி, பின்னால் தண்ணீர் வடியும் தட்டை இழுத்துக் காட்டினார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. குளியலறைக்குப் பின்னால் இருந்த நீல டிரம்மிலும் அதே கதைதான்.

அந்தத் தட்டில் பிறந்த கொசுதான் பையனைக் கடித்தது என்று நாம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்திலும் கடித்திருக்கலாம். பையன் குணமாகிவிட்டான், அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஆனால் ஓராண்டாகச் சேர்த்த பணம் ஒரு வாரத்தில் கரைந்துபோனது. அந்த வீட்டுக்காரர்கள் சோம்பேறிகள் அல்லர். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

இந்தக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை

கொசு என்றதும் நாம் தெருச் சாக்கடையைக் கை காட்டுகிறோம். இரவில் காதருகே ரீங்காரமிடும் கொசுக்களில் பெரும்பாலானவை அங்கே வளர்பவைதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வேறு வகை. உடம்பிலும் காலிலும் வெள்ளை வரிகள் இருக்கும். பகலில் கடிக்கும். குறிப்பாகக் காலையிலும், மாலையில் அஸர் தொழுகையை ஒட்டிய நேரத்திலும் அதிகம் கடிக்கும். அது தேடுவது நாம் சேமித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீரை. ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு தண்ணீரே அதற்குப் போதும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறந்து போகாது. ஆகவே நம்மைக் கடிப்பது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளர்ந்த கொசுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் பகுதியில் தண்ணீரைச் சேமிக்காமல் இருக்க முடியாது. நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013ல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் வராத நாளுக்கு ஆகும். டிரம், தொட்டி, சம்ப், குடம் என்று ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் நிற்கிறது. அது நம் குற்றம் அல்ல. மூடாமல் வைப்பதுதான் குற்றம்.

"நம்ம ஊர் குளிருக்குக் கொசு ஏது?" என்று சிலர் கேட்கிறார்கள். குளிரில் கொசு வளர்வது தாமதமாகும், நின்றுவிடாது. அடுப்பும் பிரிட்ஜும் இருக்கும் வீட்டுக்குள் அதற்குக் கதகதப்பான இடம் எப்போதும் உண்டு. பெரியவர்களுக்கு 2006ஆம் ஆண்டு நினைவிருக்கும். அந்த ஆண்டு சிக்குன்குனியா நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியதாகக் கணக்கிட்டார்கள். அதில் பாதிக்கும் மேல் நம் பக்கத்துக் கர்நாடகத்தில். மூட்டு வலியோடு மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதவர்கள் எத்தனை பேர்! அதைப் பரப்பியதும் இதே கொசுதான். 2017ல் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டறியப்பட்டது. அரசுக் கணக்கின்படியே 65 உயிர்கள் போயின.

ஏன் வாரத்துக்கு ஒரு நாள்?

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். அதற்குள் ஒரு தடவை தண்ணீரை மாற்றிவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். நாம் வெள்ளிக்கிழமை குளித்து, நகம் வெட்டி, நல்ல உடை உடுத்தி ஜுமுஆவுக்குப் போகிறோம். அதே நாளில் ஜுமுஆவுக்கு முன் ஒரு மணி நேரத்தை வீட்டின் தண்ணீருக்கும் ஒதுக்குவோம். வேலைக்குப் போகிறவர்கள் வியாழன் இரவோ ஞாயிறு காலையோ வைத்துக்கொள்ளலாம். எந்த நாள் என்பது முக்கியம் அல்ல, ஏழு நாளைத் தாண்டக் கூடாது.

கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். எனவே செய்ய வேண்டியவை:

1. டிரம்மைக் காலி செய்து, உள் சுவரைத் தேங்காய் நாராலும் சோப்புத் தூளாலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு நன்றாக அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவிட வேண்டும்.

2. பழைய தண்ணீரை வீணாக்க வேண்டாம். உளூ செய்வதிலும் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது என்பது நம் மார்க்கம். முந்தின நாளே அதைத் துணி துவைக்கவும், வாசல் கழுவவும், கழிவறைக்கும் பயன்படுத்தித் தீருங்கள். தட்டுப்பாடான நாளில் வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, டிரம்மைத் தேய்த்து, அதே தண்ணீரை மறுபடி ஊற்றுங்கள். துணியில் சிக்கிய புழுக்களைக் காய்ந்த மண்ணில் உதறிவிட வேண்டும்.

3. மூடி சரியாக உட்காராவிட்டால், நெருக்கமான பருத்தித் துணியைப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பலகையை மேலே சாய்த்து வைப்பது மூடியதாகாது.

4. சம்ப், மேல்தொட்டி இரண்டுக்கும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். பலர் மறப்பது இந்தக் குழாயைத்தான்.

5. பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தட்டைக் கழுவுங்கள். ஏர்கூலர், மணி பிளாண்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, அதிகம் புழங்காத கழிவறையின் தொட்டி, உளூச் செம்பு ஆகியவற்றையும் பாருங்கள்.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும், தண்ணீர்ப் பையின் வாயைக் கட்டவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ஜாபிர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நாம் இரவோடு பகலிலும் மூடி வைத்தால் அந்தச் சுன்னத்தின் பயனை நம் பிள்ளைகளின் உடம்பில் காண்போம், இன்ஷா அல்லாஹ்.

மொட்டை மாடியும் கடையும்

"அப்புறம் ஆகும்" என்று நாம் எடுத்து வைக்கும் பொருட்கள் கடைசியில் மாடிக்குத்தான் போகின்றன. உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, பழைய டயர், பிள்ளைகளின் பொம்மை. ஒவ்வொன்றிலும் ஒரு மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும். ஓராண்டாகத் தொடாத பொருளைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம். வைத்திருக்க வேண்டியதைக் கவிழ்த்தோ கூரைக்குக் கீழோ வையுங்கள். பஞ்சர் கடை, பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் டயர்களைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

பிறருக்குச் சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிறுவனின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நம் அலுவலக மாடிக்கு ஏறினோம். நிக்காஹ் வீடுகளுக்கு இரவல் கொடுக்கும் பிரியாணி தேக்ஸாக்களை நிமிர்த்தியே வைத்திருந்தோம். மழைத் தண்ணீர் நின்று, இரண்டில் கொசுப்புழு. ஒரு வீட்டுக்காரரை விசாரிக்கப் போன எங்களுக்கு அது பெரிய வெட்கம். இப்போது அவை கவிழ்ந்து கிடக்கின்றன. பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களைச் சுகாதாரத் துறையினரிடம் கேட்கலாம்.

குளியலறை அலமாரியில் ஒரு எச்சரிக்கை

போர் தண்ணீரின் உப்புக்கறை நம் ஊர்க் குளியலறைகளில் தீராத தொல்லை. கறை போக ஆசிட் ஊற்றுகிறோம். வெண்மைக்காகப் பிளீச்சிங் பவுடரும் போடுகிறோம். இரண்டையும் ஒன்றாகவோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ ஒருபோதும் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். முதல் உலகப் போரில், 1915ல், பெல்ஜியத்துப் போர்க்களத்தில் படைவீரர்களின் நுரையீரலைப் பொசுக்கியது அதே வாயுதான். காற்றோட்டம் இல்லாத சின்னக் குளியலறையில் மூச்சுத் திணறி விழ அதிக நேரம் ஆகாது. கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அன்றாடக் கறைக்கு வினிகரோ எலுமிச்சையோ தடவி, சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்தாலே போதும். அவற்றையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக் கூடாது.

ஆசிட்டையும் பினாயிலையும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஓடிவரும் குழந்தைக்கு அது தண்ணீராகவே தெரியும். தக்காளி, ரோஜா பயிரிடும் குடும்பங்கள் பூச்சிமருந்து டப்பாவை வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். அந்தக் காலி டப்பாவையும், தொழிற்சாலைகளிலிருந்து மலிவாக விற்பனைக்கு வரும் ரசாயன டிரம்மையும் எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு வைக்கக் கூடாது.

யார் செய்வது?

இவ்வளவையும் வீட்டுப் பெண்கள் தலையில் போடுவது நியாயம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலையில் கை கொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். டிரம்மைச் சாய்ப்பதும் மாடியும் தொட்டியும் ஆண்களின் வேலையாக இருக்கட்டும். பிரிட்ஜ் தட்டும் பூந்தொட்டியும் பிள்ளைகளுக்கு. உள்ளறைகள் மட்டும் பெண்களுக்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் பொதுத் தொட்டியைத் தாங்களே கவனிக்க வேண்டும். குடியிருப்பவர் வேறு மொழிக்காரர், வேறு மதத்தவர் என்றாலும் அவர் நம் அண்டை வீட்டார். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டில் ஆண்கள் இல்லையென்றால் பெண் பணியாளரை உள்ளே வந்து பார்க்கச் சொல்லலாம். கொசு வளர இடம் கொடுக்கும் வீடுகள் மீது 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

மருந்துக் கடையில் ஊசி, மாத்திரை என்று நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவை அவை அதிகமாக்கலாம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் நிறையக் கொடுங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் அதிகக் கவனம் தேவை. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து படுத்துக்கொள்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. பணம் இல்லையே என்று மட்டும் தாமதிக்க வேண்டாம், நம் அலுவலகத்துக்கு ஒரு சொல் அனுப்புங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தமிழ் வாசிக்காத நானிமார்கள், தாதிமார்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இதை அவர்களுக்கு உருதுவில் படித்துச் சொல்லுங்கள். பல வீடுகளில் தண்ணீர் டிரம்முக்கு அதிகாரி அவர்கள்தானே!

வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும் அண்டை வீடுகளையும் நோயிலிருந்து காப்பானாக, ஆமீன்.

— செயலாளர்