கேம்பஸுக்குள்ளே 2 கிலோமீட்டர், கையெழுத்து போட்டா 36 மாச இஎம்ஐ

போன மாசம் ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். ஐஐடி மெட்ராஸில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்திருக்கிறார். கையில் வருவது 35,000. வேளச்சேரியில் ரூம். "பெட்ரோல் ஸ்கூட்டர் எடுக்கலாமா, எலெக்ட்ரிக்கா?" என்று கேட்டு, டீலர் கொடுத்த கொட்டேஷனையும் அனுப்பியிருந்தார். நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: வேலை எத்தனை மாசத்துக்கு?

ஒரு வருஷ கான்ட்ராக்ட். ப்ராஜெக்ட்டுக்கு நிதி வந்தால் நீட்டிப்பார்கள். ஆனால் கொட்டேஷனில் இருந்த லோன் 36 மாசம். பெட்ரோலா கரண்ட்டா என்பதைவிட எனக்கு இதுதான் முதலில் உறுத்தியது.

ரூமிலிருந்து மெயின் கேட் வரைக்கும் பஸ் இருக்கிறது. அப்புறம் ஏன் ஸ்கூட்டர் என்றால், "கேட்டிலிருந்து லேபுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் சார், வெயில்ல நடக்க முடியல" என்றார். நியாயம்தான். கிண்டி காட்டை ஒட்டி 600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் வளாகம் அது. ஆனால் அதே தூரத்தை அங்கே படிக்கிற மாணவர்கள் எப்படிக் கடக்கிறார்கள்? அவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை. சைக்கிள், இல்லையென்றால் கேம்பஸ் பஸ். சமதளம், மர நிழல், குறுக்கே வரும் மான்களுக்காக எல்லாருமே மெதுவாகப் போகிற ரோடு. அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு சைக்கிளை அடித்துக்கொள்ள வேறு வண்டி கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஆன்ரோடு விலை 1,10,000. முன்பணம் 20,000, லோன் 90,000. "வட்டி 10% தான்" என்று டீலர் சொல்லியிருக்கிறார். அது ஃப்ளாட் ரேட். அதாவது மூணாவது வருஷம் கடன் முக்கால்வாசி அடைந்த பிறகும், முதல் நாள் வாங்கிய 90,000-க்கே வட்டி போடுவார்கள். வருஷத்துக்கு 9,000 வீதம் மூணு வருஷத்துக்கு 27,000. மொத்தம் 1,17,000, மாசம் 3,250. பேங்க் ஹோம் லோனுக்குப் போடுகிற மாதிரி குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது கிட்டத்தட்ட 18%. கிரெடிட் கார்டை விடக் குறைவு என்பது மட்டும்தான் ஆறுதல். டூவீலர் லோன் எடுப்பவர்கள் கேட்க வேண்டிய வார்த்தை "ரெட்யூசிங் ரேட் எவ்வளவு?" என்பதுதான். இந்த ஒரு கேள்விக்கே சில ஷோரூம்களில் வட்டி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோலுக்கு வருவோம். நாளைக்கு 12 கிலோமீட்டர், 25 நாள் என்றால் மாசம் 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்து, பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் 670 ரூபாய். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 500 என்று வைக்கிறேன். ஆக முதல் மூணு வருஷம் மாசா மாசம் கையைவிட்டுப் போவது 4,420. சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு! அஞ்சு வருஷம் ஓட்டி 35,000-க்கு விற்றாலும், எல்லாம் கழித்து கிலோமீட்டருக்கு ஒன்பதரை ரூபாய் வருகிறது. ஓட்டம் குறைவாக இருப்பதால்தான் இவ்வளவு. பெட்ரோல் விலையை நாம் திட்டுகிறோம், ஆனால் இங்கே பெட்ரோல் பங்கு அதில் கால்வாசிகூட இல்லை.

இன்னொரு பக்கம். எம்டிசி மாத பாஸ் 1,000 ரூபாய், ஏசி இல்லாத பஸ்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். (பெண்களுக்கு சாதாரண கட்டணப் பஸ்களில் 2021-லிருந்தே டிக்கெட் இல்லை, அதனால் அவர்கள் கணக்கு இன்னும் லேசு.) கேம்பஸுக்குள் ஓட்ட ஒரு சைக்கிள், பூட்டோடு 8,000 என்று வைப்போம். அதற்கு மாசம் 150 ரிப்பேர். நவம்பர் மழை, லேபில் ராத்திரி பதினொன்றரை ஆகிற நாள் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். அதற்கு ஆட்டோ காசு மாசம் 600 தனியாக எடுத்து வையுங்கள். இதை ஒதுக்காமல் "நான் இனி பஸ்தான்" என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் முதல் பெருமழையிலேயே ஷோரூமுக்குப் போய்விடுவார்கள். மொத்தம் 1,750.

வித்தியாசம் மாசம் 2,670. இதை ஆர்டியில் போட்டால் 36 மாசத்தில் அசல் மட்டுமே 96,120. முன்பணத்துக்கு வைத்திருந்த 20,000-இல் சைக்கிள் போக மீதி 12,000. வட்டியும் சேர்ந்தால், இன்றைய விலைக்கு அதே ஸ்கூட்டரை மூணு வருஷம் கழித்து ரொக்கமாக வாங்கலாம். நடுவில் கான்ட்ராக்ட் முடிந்துபோனால்? ஆர்டியை நிறுத்திவிடலாம். இஎம்ஐயை நிறுத்த முடியாது, ரெண்டு தவணை தவறினாலே சிபில் ஸ்கோரில் அடி விழும்.

எலெக்ட்ரிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாசம் 300 கிலோமீட்டருக்கு 12 யூனிட் வரைக்கும் இழுக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 100 ரூபாய்க்குள் முடிந்தது. பெட்ரோலைவிட மாசம் 570 மிச்சம். ஆனால் வண்டி 25,000 கூடுதல் விலை என்றால், அந்தக் காசை எடுக்கவே 44 மாசம் ஆகும். மாசம் 900 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 15 மாசத்திலேயே வந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் டூவீலர்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18% ஆகிவிட்டது, எலெக்ட்ரிக்குக்கு பழைய 5% தான். அதனால் விலை இடைவெளியைப் பழைய யூடியூப் வீடியோக்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சைக்கிளுக்கும் அன்றைக்கே 12-லிருந்து 5% ஆனது. தம்பி இருப்பதோ மூணாவது மாடியில் ஷேரிங் ரூம். சார்ஜ் எங்கே போடுவார் என்று ஹவுஸ் ஓனரிடம் இன்னும் கேட்கவில்லை.

டீலர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: "எலெக்ட்ரிக் லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரிச்சலுகை இருக்கு." 80இஇபி என்ற அந்தச் சலுகை 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. இன்று எடுக்கிற லோனுக்குக் கிடையாது.

வரிப் பக்கம் உண்மையிலேயே உதவுவது வேறு. வேலை தருபவர் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு பஸ் விட்டால், அந்த வசதிக்கு உங்கள் கையில் வரி இல்லை. அதற்குப் பதில் போய்வரும் செலவு என்று ரொக்கமாகக் கொடுத்தால் சம்பளத்தோடு சேர்த்து வரி உண்டு. முன்பு மாசம் 1,600 வரை இருந்த விலக்கு, ஸ்டாண்டர்டு டிடக்ஷன் வந்த 2018-19-லேயே போய்விட்டது. ஆஃபர் பேசும்போது பஸ்ஸா பணமா என்று கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

ஸ்கூட்டரே கூடாது என்று சொல்லவில்லை. வீட்டில் வயதானவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், நைட் ஷிப்ட், பஸ் இல்லாத ஏரியா, இப்படி இருந்தால் வாங்கத்தான் வேண்டும். அப்போதும் லோன் காலம் கான்ட்ராக்ட் காலத்துக்குள் அடங்கட்டும், அதற்கு ஏற்ற மாதிரி செகண்ட் ஹேண்டாகப் பாருங்கள்.

தம்பி இப்போது சைக்கிள் தேடுகிறார். படிப்பு முடித்து ரூம் காலி செய்கிறவர்கள் விற்கிற சீசன் மே, ஜூன். விற்பவரின் ஐடி நகலும் ஒரு சீட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவருடைய கடைசிக் கேள்வி: "புக்கிங்குக்குக் கொடுத்த 2,000 திரும்ப வருமா?" லோன் பணம் டீலருக்குப் போகவில்லை, வண்டி பதிவும் ஆகவில்லை. அதனால் புக்கிங் ஃபார்மில் ரத்து விதி என்ன என்று பார்த்து, இன்றைக்கே மெயிலில் எழுத்துபூர்வமாக ரத்து கேளுங்கள் என்றேன். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.