பெட்டி வேஷத்தில் ஒரு வாகனம்

1620ஆம் ஆண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய தரங்கம்பாடிக்குக் கடல் கடந்த பிரயாணம் புதிதன்று. பொறையாறு, திருக்கடையூர் முதலிய சுற்றுப்புற ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்ற பிள்ளைகளைக் காணப் புறப்படும் முதியோர், கும்பகோணமும் தஞ்சையும் கடந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தை அடைகிறார்கள். 2024இல் பயனுக்கு வந்த அதன் புதிய முனையம் விசாலமானது. ஆகவே நடையும் மிகுதி. மூட்டுவலிக்காரர்கள் அவ்வளவு தூரம் நடப்பானேன் என்ற வாஞ்சையால், மேலே அமர்ந்து ஓட்டிச் செல்லக்கூடிய மின்சாரப் பயணப் பெட்டியை வாங்கி அனுப்பும் எண்ணம் சில பிள்ளைகளுக்கு உண்டாகிறது. வாஞ்சையைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வாங்கப்படுவது வெறும் பெட்டியன்று, வாகனம்.

அபாயத்தின் மூலம் அதன் பாட்டரி. லித்தியம் அயனி பாட்டரியின் உள்ளே ஒரு செல் பழுதுற்றுச் சூடேறினால், அச்சூடு அடுத்தடுத்த செல்களுக்குப் பரவி, அணைத்த தீயும் மீண்டும் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது. 2010 செப்டம்பர் 3ஆம் தேதி துபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ். சரக்கு விமானம், லித்தியம் பாட்டரிகள் அடங்கிய சரக்கில் தீப்பற்றி வீழ்ந்ததில், விமானிகள் இருவரும் மாண்டனர். பயணிகள் இருக்கும் அறையில் புகை எழுந்தால் சிப்பந்திகள் உடனே காண்பர். சரக்கறையில் எழுந்தால் கைக்கு எட்டாது. ஆகையால்தான், பாட்டரியைக் கழற்ற இயலாத இத்தகைய பெட்டிகளை விமானத்தில் எங்குமே ஏற்றலாகாது என்றும், கழற்றக்கூடியதாயினும், பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பும்போது பாட்டரியை அதன் முனைகள் உலோகத்தில் படாதவாறு மூடிக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும் என்றும் சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. பாட்டரியின் திறன் 100 வாட்-அவருக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. 160ஐத் தாண்டினால் இடமே இல்லை. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் கணக்குக் கிடைத்துவிடும்: 24 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் எனில் 96. இவ்வளவுக்கும் உட்பட்டிருந்தாலும், ஏறிச் செல்லும் சாதனங்களையே ஏற்பதில்லை என்று ஒரு நிறுவனம் தனக்கென விதி வைத்திருக்கலாம்.

எடையையும் பலர் யோசிப்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் அறிமுகமான மோடோபேக் என்னும் இத்தகைய பெட்டி, துணியொன்றும் வைக்குமுன்பே 8 கிலோவுக்கு மேல் கனத்தது. நம் நாட்டு விமானங்களிலோ சாதாரண வகுப்புக் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் வரம்பு. ஓட்டும் இடமும் வழக்குக்குரியதே. 2024இல் ஜப்பானின் ஒசாகா நகர நடைபாதையில் இத்தகைய பெட்டியை ஓட்டிய வெளிநாட்டுப் பெண்மீது, உரிமமின்றி மோட்டார் வாகனம் ஓட்டியதாகப் போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். அங்குள்ள கன்சாய் விமான நிலையமும் தன் கட்டடத்துள் இவற்றில் ஏற வேண்டாமெனப் பயணிகளைக் கேட்டுக்கொண்டது.

இத்தனை தொல்லைக்கு மாற்றாக முதியவர்க்கு முன்பே ஓர் உரிமை இருக்கிறது. முதுமையாலோ உடற்குறையாலோ நடக்க இயலாதவர்க்கு விமான நிறுவனம் சக்கர நாற்காலியும் துணையாளும் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. டிக்கெட் எடுக்கும்போதே, தவறினால் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பாவது, கேட்டு வைப்பது உத்தமம். என் அபிப்பிராயத்தில், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பெட்டியைவிட இது மேல்.

வாங்கியே தீருவேன் என்பவர், "விமானத்தில் அனுமதிக்கப்பட்டது" என்ற விளம்பர வாசகத்தைப் படமெடுத்து, ரசீதுடன் வைத்துக்கொள்க. அது பொய்த்தால், இணைய வணிகம் பற்றிய 2020ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் பரிகாரம் செய்ய வேண்டும். செய்யாவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சரக்கறையில் பெட்டி உடைந்து வந்தால், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் சேதத்தைப் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் பயணமாயின், பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்காவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். விமான நிறுவனத்தின் பதில் திருப்தியளிக்காதபோது பயணிகளின் குறைகேட்கும் அரசின் ஏர்சேவா இணையத்தளம் இருக்கிறது. அதற்கும் மேல் போவதானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அதற்குக் கட்டணம் இல்லை.