வெள்ளையடிக்குமுன் வேண்டுவன

தைப்பொங்கல் அணுகினாலும், வீட்டிலே கலியாணம் நிச்சயமானாலும், கடல்கடந்த நாட்டிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர் என்ற செய்தி கிடைத்தாலும், யாழ்ப்பாணத்தவர் முதலில் எண்ணுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றியே. 'வெள்ளையடித்தல்' என்பது இன்று பெயரளவில் நிற்கும் வழக்கு. சுண்ணாம்பை நீற்றி, வடித்து, தும்புக் கட்டையால் அடித்த காலம் பெரும்பாலும் போயிற்று. வாளியில் அடைத்து வரும் பெயின்ற்றை உருளையால் உருட்டுவதையும் நாம் அப்பழைய பெயராலேயே வழங்குகின்றோம். போர்த்துக்கேயர் வழி வந்த 'தீந்தை' என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. சொல் எதுவாயினும் ஆகுக. செயலின் முறையே ஈண்டு ஆராயத்தக்கது.

பொங்கலை ஒட்டிப் பூச்சு வேலை தொடங்குவதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. எனினும் நம் குடாநாட்டின் மழையில் மிகப் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களிலேயே பெய்து தீர்கின்றது. ஆகவே, தை பிறக்கும் வேளையில் நம் வீட்டுச் சுவர்கள் ஆண்டு முழுவதிலும் மிகுதியான ஈரத்தைத் தாங்கி நிற்கின்றன. அந்த ஈரத்தின்மேல் மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்தி மூடிவிட்டு, சித்திரையில் அது கொப்பளித்து உரியும்போது பூச்சு விற்றவரை நோகின்றோம். கடைக்காரர் பாவம், அவர் விற்றது நிறத்தை மட்டுமே.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரசியின் அரண்மனையைக் காட்டும் வரிசை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நண்பகல் நிழல்கொண்டு திசை தெரிந்து, நூல் பிடித்து அளந்து மனை வகுத்தல் முதலிற் கூறப்படுகின்றது. பின்னர் இரும்பால் இறுகப் பிணித்த கதவும் நிலையும் வருகின்றன. அதன்பின் நிலாமுற்றத்து நீர் மகரவாய் போலும் அம்பணத்தின் வழியே அருவியென விழும் ஓசை கேட்கின்றது. இவ்வளவும் கடந்து உள்ளே சென்ற பிறகே வெள்ளிபோல விளங்கும் சுதை பூசிய சுவரும், அச்சுவரில் எழுதிய பூங்கொடியும் நம் கண்ணிற் படுகின்றன. புலவர் கட்டட நூல் எழுத முற்பட்டார் என்று யாம் சொல்லவில்லை. வாயிலிலிருந்து உள்ளே செல்பவன் காணும் முறையில் அவர் பாடினார். ஆயினும் அளவு, மரவேலை, நீர்ப்போக்கு, சுதை, ஓவியம் என்னும் அவ்வொழுங்கை நல்ல மேசன் ஒருவரிடம் படித்துக் காட்டினால் அவர் ஒன்றையும் மாற்றமாட்டார். இன்னுமொன்று: அப்பகுதியில் வரும் 'பீலி' மயிலின் தோகை, நம் ஊரில் பீலி என்றால் கூரைநீரை ஏந்திச் செல்லும் வாய்க்கால். அம்பணம் வழக்கொழிந்த பின் அதன் தொழிலை நம்மிடத்திற் பீலி ஏற்றுக்கொண்டது போலும்.

மேலிருந்து வரும் நீர்

ஆதலின், தீட்டப்பட வேண்டிய வீட்டை முதலிற் பார்க்கவேண்டிய இடம் சுவரன்று, கூரை. ஓட்டுக்கூரையாயின் வழுவிய ஓடு, வெடித்த ஓடு, முகட்டோட்டைப் பிடித்திருக்கும் சாந்து ஆகிய மூன்றையும் ஏறிப் பார்க்கவேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது போதாது. பகல் வேளையில் வீட்டுக்குள்ளே கதவு யன்னல்களைச் சாத்திவிட்டு முகட்டை நோக்கினால், ஒளி புகும் துளைகள் தாமே தம்மைக் காட்டிக்கொடுக்கும். பின்னர் கைமரங்கள், சிலாகைகள், தீராந்தி. நன்கு முற்றிய பனையின் வைரத்தைக் கறையான் எளிதில் அணுகாது. இளமரத்தையும், சுவரின்மேல் அமர்ந்து ஈரம் குடிக்கும் மரத்தலைப்பையும் விடாது. அவ்விடத்தை ஆணியாற் குத்திப் பார்க்கவேண்டும். ஆணி வருத்தமின்றி உள்ளே சென்றால், பூச்சுக்கென ஒதுக்கிய பணம் தச்சருக்கு உரியது.

பெயர் வேண்டா, பாடசாலை ஒன்றில் யான் கண்ணாரக் கண்டதைக் கூறுகின்றேன். பரிசளிப்பு விழாவுக்கு வரும் பெரியவர் பார்வைக்கென முன்புறச் சுவர் முழுவதும் இளமஞ்சள் தீட்டப்பட்டது. கூரையிலே பத்துப் பன்னிரண்டு ஓடுகள் வழுவியிருந்தன. அவற்றை எடுத்துரைத்தபோது, அடுத்த ஒதுக்கீட்டிற் பார்ப்போம் என்பதே விடையாயிற்று. கார்த்திகை மழையில் நீர் அவ்வழியே இறங்கி, நூலக அறைச் சுவரோடு வடிந்து, சுவரை ஒட்டி நின்ற அலுமாரியின் பின்பலகையை ஊறவைத்தது. அதனுள் இருந்தவை பழைய உரைப் பதிப்புக்கள்; மறுபடி அச்சேறாதவையும் சில. விடுமுறை கழிந்து திறந்து பார்த்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் ஆகியிருந்தன. வெளிச்சுவரின் மஞ்சளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. புத்தகம் வைத்திருப்போர் எவராயினும் அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கிடையேனும் விலக்கி வைப்பாராக. பூச்சு வேலைக்காக அதனை நகர்த்தும் நாளே அதற்கு வாய்த்த நாள்.

அஸ்பெஸ்டோஸ் தகடு வேய்ந்த கூரையைத் தேய்த்துக் கழுவி நிறம் பூச நினைப்போருக்கு ஒரு வார்த்தை: அதனைச் சுரண்டவும் அராவவும் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பகை.

கீழிருந்து ஏறும் நீர்

மேல்நீரைத் தடுப்பது எளிது. கீழ்நீரோ கண்ணுக்குப் புலனாகாமல் ஏறுவது. நம் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. பழைய வீடுகள் பல அக்கல்லாலேயே, அக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்புச் சாந்தாலேயே கட்டப்பட்டவை. அவற்றின் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரந்தடுக்கும் படை பெரும்பாலும் இராது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்தின் ஈரம் சுவரில் இரண்டு மூன்று அடிவரை ஏறும். கரையோர ஊர்களில் அந்நீரோடு உப்பும் ஏறும். உவர்க் கிணற்று நீரிற் குழைத்த சாந்தாயின் உப்பு முன்னரே உள்ளிருக்கும். நீர் சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாகப் போய்விட, உப்பு மாத்திரம் எஞ்சிப் பளிங்காய் விளைந்து பூச்சைப் பொருக்காக உதிர்க்கும். 'சுவர் பூக்கின்றது' என்று நம்மவர் சொல்வது இதனையே.

பழைய சுண்ணாம்புச் சுவர் இந்நோயைத் தாங்கும் வகை அறிந்திருந்தது. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாவது. ஆயினும் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளாதது. புகுந்த ஈரம் கோடைக் காற்றில் வெளியேறிவிடும். ஆண்டுதோறும் அடித்த வெள்ளை சிறிது உதிரும், மறுபடியும் அடிப்பர். 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை தொழிற்படத் தொடங்கியபின் நம் ஊர்களிற் சீமெந்து கைக்கெட்டும் பொருளாயிற்று. 1990இல் ஆலை நின்றது. சீமெந்தின் ஆட்சி நிற்கவில்லை. சுண்ணாம்பும் சீமெந்தும் ஒரே கல்லின் வயிற்றிற் பிறந்த உடன்பிறப்புக்கள்தாம். எனினும் குணம் வேறு. சீமெந்து வன்மையுடையது, நெருக்கமானது, மூச்சுவிடாதது.

உதிரும் பழஞ்சுவருக்கு உறுதி வேண்டுமென்று கருதி அடியில் மூன்றடி சீமெந்துப் பூச்சு இட்டு, அதன்மேற் பளபளக்கும் பெயின்ற் பூசும் வழக்கம் இன்று ஊரெங்கும் உண்டு. அவ்வாறு செய்யின், வெளியேற வழியற்ற ஈரம் அப்பூச்சின் விளிம்பைக் கடந்து மேலே ஏறும். மூன்றடியில் நின்ற ஈரக்கோடு ஐந்தடிக்குப் போகும். உப்பு, போர்வையின் உட்புறத்தே விளைந்து கல்லையே அரிக்கும். வெளியிற் பார்ப்போர்க்குச் சுவர் புதிது. உள்ளே அது மாவாகிக்கொண்டிருக்கும். வாடகைக்கு ஆள் வைத்த வீட்டில் இது நேர்ந்தால் வீட்டுக்காரர் திருத்திக்கொள்வார். வயது முதிர்ந்த தாய் ஒருத்தி தனித்திருக்க, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்பும் வீடுகளே நம்மிடையே மிகுதி. கைப்பேசியிற் படம் எடுத்து அனுப்பினால் நிறம் தெரியும். உளுத்த கைமரம் தெரியாது, ஈரச் சுவரின் மணமும் போய்ச் சேராது. 'வீடு வடிவாக இருக்கின்றது அம்மா' என்று பிள்ளை மகிழ, அம்மா கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு இருமுகின்றார். அப்பிள்ளைகளைக் குறைகூற எனக்கு மனமில்லை. காட்டப்பட்டதைத்தானே அவர்கள் காணமுடியும்? படம் கேட்போர் இனிக் கூரையின் உட்புறத்தையும், சுவரின் அடிப்புறத்தையும், கிணற்றடியையும் படமாக்கி அனுப்பும்படி கேட்டல் நன்று.

சுவர் ஈரமா அன்றோ என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஓரடிச் சதுரமான பொலித்தீன் துண்டைச் சுவரிற் பொருத்தி நாற்புறமும் ஒட்டி, இரண்டு நாள் விடுக. எடுத்துப் பார்க்கையிற் சுவரை நோக்கிய புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தால், பெயின்ற் வாளியைத் திறவாதிருப்பதே தக்கது. ஈரச்சுவருக்குரிய பரிகாரமும் பெருஞ்செலவினதன்று, பொறுமையே வேண்டுவது. வெளிப்புறத்திற் சுவரடியில் ஏறிக் குவிந்த மண்ணை வெட்டி, நிலம் வீட்டுத் தளத்தினும் தாழ்ந்திருக்கச் செய்தல் முதலாவது. ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை சீமெந்துப் பூச்சைக் கொத்தியெடுத்தல் அடுத்தது. பூத்த உப்பை நீர் விட்டுக் கழுவுவர் பலர். அது உப்பைக் கரைத்து மீண்டும் சுவருக்கே ஊட்டுவதாகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளிப் போடவேண்டும். பின்னர் ஒரு கோடை முழுவதும் சுவரை அம்மணமாக விட்டு, சுண்ணாம்புச் சாந்தாற் பூசுக. அம்மணச் சுவரைக் கண்டு அயலார் கேட்பர். கேட்கட்டும்.

முற்றமும் வீதியும்

நாற்சார் வீடுகளில் நாற்புறக் கூரைநீரும் நடுமுற்றத்தில் விழுந்து ஒரு தூம்பு வழியாக வெளியேறும். புழுதிக்கு அஞ்சி முற்றத்தைச் சீமெந்திட்டு உயர்த்தியவர் பலர். தூம்பின் வாயை உயர்த்தியவர் சிலரே. 2008ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் வந்த நிஷா புயலின் மழையில் இத்தகைய முற்றங்கள் குளங்களாயின. போரின்பின் வீதிகள் பல உயர்த்திச் செப்பனிடப்பட்டமையால், முன்னர் வீதிக்கு மேலிருந்த வளவுகள் இன்று வீதிக்குக் கீழே கிடக்கின்றன. படலையடியில் நீர் எப்பக்கம் ஓடுகின்றது என்பதை ஒரு மழைநாளிற் குடை பிடித்து நின்று பார்த்தவரே இதற்கு வழி காண்பர்.

மின்கம்பி, நீர்க்குழாய் என்பன பற்றி விரிக்க வேண்டுவதில்லை. இரண்டும் சுவரை வெட்டும் வேலைகள். பூசிய சுவரை மீண்டும் வெட்டுவது பேதைமை. ஒன்று மட்டும் கூறுதல் தகும். 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் அக்காலத்துப் பிள்ளைகள் படித்தனர். மின்சாரம் மீண்டபோது பல வீடுகளிற் பழைய கம்பிகளுக்கே மீண்டும் உயிரூட்டப்பட்டது. அக்கம்பிகள் இன்னும் இருக்குமாயின் அவற்றை மாற்றாமற் சுவருக்கு நிறம் மாற்றுவது முறையன்று. குளியலறையில் முதியோர் பிடித்தெழும் கைப்பிடியையும் அப்போதே பதித்துக்கொள்க.

கதவு யன்னல்களின் பழைய எனாமல் பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். இலங்கையிற் பூச்சுக்களின் ஈய அளவுக்குச் சட்ட வரம்பு 2013ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய பூச்சை உலர்நிலையில் உரசித் தூளாக்காமல், நீர்த்தாள் கொண்டு நனைத்துத் தேய்த்து, உதிர்ந்ததை ஒற்றி எடுக்கவேண்டும். சிறுவர் அவ்விடத்தில் இருத்தலாகாது. ஈயம் அவர்தம் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

இவற்றுக்கெல்லாம் காலம் எது? மாசி, பங்குனியிற் கூரையும் தச்சு வேலையும். சித்திரை வெயிலிற் சுவர் உலரும். வைகாசியிற் சோளகம் எழும். புழுதி கொணரினும் அக்காற்றுச் சுவரை உலர்த்துவதில் வல்லது. சீமெந்துப் பூச்சுப் புதிதாக இட்ட இடங்களுக்கு ஒரு மாதமேனும் இடைவெளி வேண்டும். ஆடி, ஆவணியிற் பூச்சை முடித்துவிட்டால் ஐப்பசி மழைக்கு வீடு அஞ்சாது. பொங்கலுக்கு வாயிற்புறத்தை ஒருமுறை கழுவினாற் போதும்.

பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பையே அடிக்கத் துணிந்தவர்க்கு இரண்டொரு குறிப்பு. நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள் நீரில் ஊறவிட்டு, துணியில் வடித்து, பால்போலத் தண்ணிதாகக் கொள்க. தடிப்பாக அடித்தாற் பொருக்கு விடும். சுவரை முன்னரே நனைத்து, வெயில் ஏறாத வேளையில் அடித்து, ஒருநாள் காயவிட்டு அடுத்த பூச்சு, இவ்வாறு மூன்று. ஈரமாயிருக்கும்போது சுண்ணாம்பு கண்ணாடிபோல ஊடுருவித் தோன்றும். காய்ந்த பின்னரே வெண்மை வெளிப்படும். இதனை அறியாது, 'வெள்ளை போதாது, இன்னும் அடி' என்று மாலையிலே மேசனை ஏவுவோர் உளர். மறுநாட் காலைவரை பொறுத்துப் பார்த்தபின் ஏவுவாராக.