உறைந்த சர்வரின் வாக்குமூலம்

ஒரு நிரல் செயலிழந்து விழுந்தால் தடயம் விட்டுச் செல்லும். எந்த வரியில் விழுந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று லாக் கோப்பில் ஒரு குறிப்பாவது கிடக்கும். சர்வர் ஹேங் ஆவது அப்படியல்ல. நள்ளிரவு 2.13-க்கு யாருடைய மின்னஞ்சலோ போய்ச் சேர்ந்ததாக ஒரு சாதாரண வரி. அடுத்த வரி காலையில், யாரோ பவர் பட்டனை அழுத்திய பிறகு. நடுவில் ஒன்றுமே இல்லை. நடந்ததை எழுதவேண்டிய ஆளே மூர்ச்சையாகிவிட்டால் யார் எழுதுவது? போன வாரம் ஒருமுறை, இந்த வாரம் இருமுறை என்று முறையின்றி நடந்தால் துப்பு துலக்குவது இன்னும் கடினம். ஆனாலும் பேச்சிழந்த இயந்திரத்தைப் பேசவைக்கப் பொறியாளர்கள் வியக்கத்தக்க வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

முதல் வியப்பு, உறைந்த சர்வர் பல சமயம் ஓய்ந்திருப்பதே இல்லை. 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரு பிராசசர் கோர் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. நொடிக்கு ஒன்று என நாம் எண்ண ஆரம்பித்தால் அந்த ஒரு நொடியை எண்ணி முடிக்க 95 ஆண்டுகள் ஆகும். அத்தனை துடிப்பும் ‘பூட்டு திறந்ததா, பூட்டு திறந்ததா’ என்று ஒரே கேள்வியைக் கேட்பதிலேயே கரைந்துகொண்டிருக்கலாம். ஒரு பணி வட்டின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவகத்தின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இன்னொன்று நினைவகத்தின் பூட்டை வைத்துக்கொண்டு வட்டின் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. இரண்டுமே விட்டுக்கொடுக்காது.

உறைவு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க அனுபவசாலிகள் முதலில் தொடுவது கீபோர்டின் கேப்ஸ் லாக் பொத்தானை. அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் இயங்குதளத்தின் கருவான கெர்னல் இன்னும் பிழைத்திருக்கிறது. நெட்வொர்க்கில் ‘பிங்’ அனுப்பிப் பார்ப்பதும் இதே வகை. எந்த நிரலையும் எழுப்பாமல் கெர்னலே அதற்குப் பதில் சொல்லிவிடும். அதனால்தான் உள்ளே நுழையவே முடியாத சர்வர்கூட பிங்குக்கு மட்டும் மளமளவென்று பதில் தருகிறது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். வாடிக்கையாளர்களோ போனில் கத்திக்கொண்டிருப்பார்கள்.

கெர்னலும் சிக்கிக்கொண்டால்? அதற்கும் காவல் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு கோருக்கும் ஒரு சிறு காவல் பணி ஓடுகிறது. 20 நொடிக்கு மேல் அதற்கு முறை கிடைக்காவிட்டால், இன்ன கோர் மாட்டிக்கொண்டது என்று எச்சரிக்கை எழுதப்படும். அந்தக் கணக்கைப் பார்ப்பது கடிகாரத்தின் குறுக்கீடு. குறுக்கீடு என்பது, கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு இதைக் கவனி என்று வன்பொருள் பிராசசருக்குக் கொடுக்கும் அழைப்பு. சிக்கிய கோர் எல்லாக் குறுக்கீடுகளுக்கும் கதவைச் சாத்திவிட்டிருந்தால் அந்தக் காவலும் பயன்படாது. ஆனால் சாத்தவே முடியாத கதவு ஒன்றையும் பிராசசரில் வைத்திருக்கிறார்கள். பிராசசர் தன் துடிப்புகளைத் தானே எண்ணி, ஏறக்குறைய 10 நொடிக்கு ஒருமுறை அந்தக் கதவு வழியே உள்ளே நுழைந்து, கடிகாரம் நகர்ந்திருக்கிறதா என்று சோதிக்கிறது. நகரவில்லை என்றால் அந்தக் கணத்தில் கோர் எந்தக் கட்டளையில் நிற்கிறது என்பதைப் பதிவுசெய்துவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சர்வர் தொடங்கும்போதே நினைவகத்தில் சில நூறு மெகாபைட் இடத்தை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை உறங்கவைத்துவிடுகிறார்கள். முதல் கெர்னல் மீளமுடியாமல் விழுந்ததும், நினைவகத்தை அழிக்காமல் இரண்டாவது எழுகிறது. முன்னவர் விட்டுப்போன நினைவகம் முழுவதையும் அப்படியே வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு சர்வரை ரீபூட் செய்கிறது. மறுநாள் பொறியாளர் அந்த நகலைத் திறந்து, எந்தப் பணி எந்தப் பூட்டைப் பிடித்திருந்தது என்று சாவகாசமாகப் படிக்கலாம்.

சர்வர் போர்டில் இன்னொரு சின்னக் கணினியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனிப் பிராசசர், தனி நினைவகம், பெரும்பாலும் தனி நெட்வொர்க் இணைப்பு. சர்வர் அணைந்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருந்தால் போதும், இது விழித்திருக்கும். வெப்பம், விசிறி வேகம், மின்னழுத்தம், நினைவகப் பிழை எல்லாவற்றையும் தன் சொந்த ஏட்டில் குறித்துக்கொள்ளும். உறைவு மென்பொருளாலா வன்பொருளாலா என்ற பெரிய கேள்விக்குப் பல சமயம் விடை கிடைப்பது இந்த ஏட்டில்தான்.

வன்பொருள் என்றால் முதல் சந்தேகம் நினைவகத்தின் மேல். சர்வர் நினைவகம் வழக்கமாக ஒவ்வொரு 64 பிட்டுடனும் 8 சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் தப்பாகிவிட்டால் எது என்று கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் திருத்திவிடும். இரண்டு கெட்டால் திருத்த முடியாது, கெட்டது மட்டும் தெரியும். பொய்யான தரவோடு ஓடுவதைவிட நிற்பதே மேல் என்று பல சமயம் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும். 2009-இல் வெளிவந்த கூகுள் ஆய்வு ஒன்று, அவர்களுடைய சர்வர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்தக்கூடிய நினைவகப் பிழையைச் சந்தித்ததாகச் சொன்னது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள்மேல் பழி போடுவது நம்மவர்களுக்குப் பிடித்தமான பழக்கம். அந்த ஆய்வு கைகாட்டியதோ பெரும்பாலும் பழுதான சில்லுகளை.

எல்லாக் காவலும் இருந்தும் குழப்பிய வழக்கு ஒன்று 1997-இல் நடந்தது. சுமார் 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், செவ்வாயில். ஜூலை 4-ஆம் தேதி இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாட்களில் திடீர் திடீரென்று தானே ரீபூட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பூமியில் இருந்த அதே மாதிரிக் கலத்தில் எல்லா நடமாட்டங்களையும் பதிவுசெய்தபடி ஓடவிட்டு, ஒரு நாளுக்குள் அந்தக் கோளாறை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள் வரவழைத்துவிட்டார்கள்.

நடந்ததைப் புரிந்துகொள்ள ஓர் அரசு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கலெக்டருக்கு அவசரமாக ஒரு ஃபைல் வேண்டும். அது கடைநிலை எழுத்தர் கையில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் தாசில்தார்கள் மாறிமாறி அவரை எழுப்பி வேறு வேலைக்கு அனுப்புகிறார்கள். யாரும் கலெக்டரைத் தடுக்கவில்லை, ஆனாலும் அவர் வேலை நடக்கவில்லை. கலத்தில் கலெக்டர், தரவுப் பாதையை நிர்வகித்த பணி. எழுத்தர், வானிலைக் கருவியின் பணி. தாசில்தார்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கியத்துவமுள்ள மற்ற பணிகள். முக்கியப் பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு மொத்தக் கணினியையும் ரீபூட் செய்தது. இதற்குத் தீர்வு 1990-லேயே அச்சில் வந்திருந்தது: ஃபைல் கைமாறும்வரை எழுத்தருக்கும் கலெக்டரின் அந்தஸ்தைக் கொடுத்துவிடுவது. அந்தக் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்த ரகுநாதன் ராஜ்குமார். பாத்ஃபைண்டரின் இயங்குதளத்திலும் அந்த வசதி இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செவ்வாய்க்குக் கட்டளை அனுப்பி அதைப் போட்டுவிட்டார்கள்.

சில உறைவுகள் முறையில்லாதவைபோலத் தோன்றுவதற்குக் காரணமே வேறு. ஏஎம்டி நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை எபிக் சர்வர் பிராசசர்களில், கடைசி ரீசெட்டிலிருந்து சுமார் 1044 நாட்கள் கழிந்தபின், ஆழ்ந்த மின்சேமிப்பு உறக்கத்துக்குப் போன கோர் எழுந்திருக்கத் தவறும் என்று 2023-இல் தெரியவந்தது. ஏறக்குறைய 2 ஆண்டு 10 மாதம். கணக்கில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் ஒரு கூடத்திலுள்ள சர்வர்கள் வெவ்வேறு நாட்களில் தொடங்கப்பட்டவை. ஆகவே வெவ்வேறு நாட்களில்தான் உறையும். உறைந்த தேதிகளை எத்தனை முறை அடுக்கிப் பார்த்தாலும் ஒழுங்கு தெரியாது. தொடங்கிய தேதியிலிருந்து எண்ணினால் உடனே தெரிந்துவிடும். இதைத் திருத்தும் திட்டமில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது: அந்த ஆழ்ந்த உறக்கத்தை நிறுத்திவைக்கலாம், அல்லது நாள் நெருங்குமுன் ரீபூட் செய்யலாம். மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் போட்டு ரீபூட் செய்பவர்கள் இப்படியொரு குறை இருப்பதே தெரியாமல் தாண்டியிருப்பார்கள். சிக்கியிருக்கக்கூடியவர்கள், மூன்று வருடமாகத் தங்கள் சர்வர் ஒருமுறைகூட நின்றதில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள்.