எருமைகள் வெளியேறிய பிறகு

நீர் – நிலம் – மக்கள்: 9

சிலிகா ஏரி மீனவர்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். சிலிகாவோடு அதே நாளில், 1981 அக்டோபர் 1 அன்று, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய இன்னோர் இந்திய நீர்நிலை உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் நகரை ஒட்டிக் கிடக்கும் கேவலாதேவ். மொத்தமே 29 சதுர கிலோமீட்டர்தான். சிலிகாவின் ஒரு மூலைக்குக்கூட ஈடாகாது. ஆனால், காக்க வேண்டிய ஒரு சதுப்பு நிலத்தையும் அதில் கால்நடை மேய்த்துப் பிழைப்பவர்களையும் சேர்த்து வைத்து எப்படித் திட்டம் போடுவது என்ற கேள்விக்கு, இந்தியாவில் இதைவிடப் பெரிய பாடம் வேறெங்கும் இல்லை. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலையில் மனித உயிர்களும் அடக்கம்.

கேவலாதேவ் தானாக உருவான ஏரி அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல், கம்பீர், பாண்கங்கா ஆறுகளின் வெள்ளத்தை மறிக்க அஜான் அணையைக் கட்டினார். அதையொட்டிய பள்ளத்தில் மழைக்காலம்தோறும் தண்ணீர் தேங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரச குடும்பம் கரைகள் எழுப்பி, மதகுகள் வைத்து, வாய்க்கால் வெட்டி அந்தப் பள்ளத்தை வாத்து வேட்டைக்களமாக மாற்றியது. எந்த நாளில் எந்தப் பிரபு வந்தார், எத்தனை பறவைகள் விழுந்தன என்ற கணக்கைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். உள்ளே இருக்கும் சிவன் கோயிலுக்கு அருகில் அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. 1938 நவம்பர் 12-க்கு நேரே இருக்கும் எண் 4,273. அன்றைய விருந்தாளி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு.

அந்தக் கற்களில் இடம்பெறாத ஒரு கூட்டமும் அந்தப் பள்ளத்தில் இருந்தது. சுற்றுக் கிராமங்களின் ஜாட், குஜ்ஜர் குடும்பங்களும் பிறரும் தங்கள் எருமைகளையும் மாடுகளையும் அங்கேதான் ஓட்டி வந்தார்கள். பாலும் நெய்யும் அவர்களுக்குக் கைக்காசு. சாணம் அடுப்புக்கு வறட்டி. கோடையில் சுற்றுவட்டாரம் காய்ந்து கிடக்கும்போது பச்சை தெரிகிற ஒரே இடம் இந்தப் பள்ளம்தான். அதில் மேய்வதை அவர்கள் சலுகையாக நினைக்கவில்லை. தலைமுறைகளாக வந்த உரிமை என்றே நினைத்தார்கள்.

எருமை தண்ணீரில் மேய்வதைக் கொஞ்சம் நின்று கவனித்தால், அது செய்யும் வேலை விளங்கும். பசு பெரும்பாலும் கரையோரத்துப் புல்லோடு நின்றுவிடும். எருமை வயிறு நனைய இறங்கும். சில நேரம் முதுகும் கொம்பும் மட்டுமே வெளியே தெரியும். மிதந்து படர்ந்திருக்கும் தண்டை நாக்கால் வளைத்து இழுக்கும். ஒரு கொடியை இழுத்தால் அதோடு பின்னிக் கிடக்கும் நாலு கொடி சேர்ந்து வரும். குளம்புகள் அடிச்சேற்றைக் கலக்கும். எருமை நடந்து போன தடத்தில் புல் விலகித் தண்ணீர் தெரியும். கலங்கிய நீரில் கிளம்பும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே வரும். இது ஒரு எருமையின் ஒரு காலைப் பொழுது. சுமார் 2,500 கால்நடைகள் ஆண்டுதோறும் இதைச் செய்துவந்த சதுப்பு அது.

1956-இல் கேவலாதேவ் சரணாலயமானது. வேட்டை உரிமை மட்டும் மன்னர் குடும்பத்திடம் 1972 வரை இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இந்தச் சதுப்பை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தபோது, பறவையியலாளர் சாலிம் அலி நேரு வரை போய்த் தடுத்தார். அவர் இல்லாவிட்டால் இன்று அங்கே கோதுமைதான் விளைந்துகொண்டிருக்கும். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அதே சாலிம் அலியும் அவரைப் போன்ற இயற்கை ஆர்வலர்களும் மாடுகள் வெளியேற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். 29 சதுர கிலோமீட்டருக்குள் 2,500 கால்நடைகள் என்றால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு எண்பதுக்கும் மேல். பறவைகளின் உணவை மாடுகள் தின்கின்றன என்ற எண்ணம் பார்த்தவுடன் நியாயமாகவே தோன்றும்.

1981-82-இல் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இந்த ‘உயர்வு’க்குள் இருக்கும் சட்ட நுணுக்கத்தை வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடையும் செய்யலாம். அதிகாரி முடிவெடுக்க இடம் உண்டு. தேசியப் பூங்காவில் அந்த இடமே கிடையாது. 35-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு, எந்தக் கால்நடையும் மேயக் கூடாது, உள்ளே நுழையவும் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. சரணாலயம் என்ற சொல்லை அடித்துத் தேசியப் பூங்கா என்று எழுதிய நாளிலேயே மேய்ப்பவர்களின் கதை முடிந்துவிட்டது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மாற்றுத் தீவனத்துக்கு ஏற்பாடு இல்லை. 1982 நவம்பரில் தடை அமலுக்கு வந்தபோது, கிராமத்தார் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு உள்ளே நுழைய முயன்றார்கள். போலீஸ் சுட்டது. பல பேர் செத்துப்போனார்கள்.

வலிக்கும் உண்மை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தத் தடைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1980-இல், சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கேவலாதேவில் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கியிருந்தது. தலைமை வகித்தவர் வி.எஸ். விஜயன், பின்னாளில் கோயம்புத்தூரில் சாலிம் அலி பறவையியல் மையத்துக்கு முதல் இயக்குநராக இருந்தவர். மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்பதற்கு இன்னும் சில ஆண்டுகளில் விடை கிடைக்க இருந்தது. விசாரணை முடியும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

விடை வந்தபோது, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. எருமைகள் போன பிறகு, பாஸ்பாலம் டிஸ்டிக்கம் என்கிற நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பரவியது. இந்தப் புல் கரையிலும் வளரும், நீரிலும் மிதந்து படரும், கணுவுக்குக் கணு வேர் விடும். எருமைக்கு இது விருப்பமான தீனி. தின்ன ஆளில்லாமல் போகவே, தண்ணீரின் மேல் பாய் விரித்ததுபோல மூடிக்கொண்டது. மடிந்த தண்டுகள் அடியில் அழுகிச் சேர்ந்து பள்ளத்தை மேடாக்கின. வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், அது சுருங்கியது. 1980 முதல் 1990 வரை சேர்த்த தரவுகளை வைத்து விஜயன் குழு அறிக்கை கொடுத்தது: மேய்ச்சல் தடை பறவைகளுக்கு உதவவில்லை, கெடுதலே செய்திருக்கிறது, அளவோடு எருமைகளை மீண்டும் அனுமதிப்பது நல்லது. தடையை ஆதரித்த அதே கழகத்திலிருந்து இந்த முடிவு வந்தது. தரவு காட்டிய இடத்துக்குப் போய் நின்ற அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ராம்சார் அமைப்பும் 1990-இல் கேவலாதேவைச் சூழல் சீர்கேட்டுக்கு உள்ளான தலங்களின் மான்ட்ரூ பதிவேட்டில் சேர்த்தது.

பிறகாவது எருமைகள் திரும்பினவா? இல்லை. அறிவியல் மாறிவிட்டது, சட்டம் மாறவில்லை. தேசியப் பூங்கா என்ற பெயர் இருக்கும்வரை எந்த அதிகாரியும் கதவைத் திறக்க முடியாது. 1985-இலேயே உலகப் பாரம்பரியத் தலம் என்ற பட்டமும் சேர்ந்திருந்தது. அந்த நிலையில் தேசியப் பூங்காவைச் சரணாலயமாக இறக்கும் துணிச்சல் எந்த அரசுக்கும் வரவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கி, அரிவாளோடு வந்து புல் அறுத்துக்கொண்டு போகலாம் என்று கிராமத்தாருக்கு வழி விட்டார்கள். அதுவும் உதவிதான். ஆனால், தலைச்சுமையாகப் புல் கட்டும் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேரோடு பின்னிய கொடியை இழுத்துக்கொண்டிருக்க முடியாது. எருமை செய்த வேலையை அரிவாளால் ஈடுகட்ட முடியவில்லை.

கிராமத்தாரிடம் உட்கார்ந்து பேசும் முயற்சி 1990-களின் நடுவில்தான் நடந்தது. உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை, ஊராரோடு சேர்ந்து நிலைமையை ஆராயும் பங்கேற்பு முறையில் அதைச் செய்தது. அப்போது கிராமத்தார் சொன்ன ஒரு விஷயம் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. பேச்சு சைபீரியக் கொக்கைப் பற்றியது. பனி வெள்ளையில் சிவந்த முகத்தோடு குளிர்காலத்துக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பறவைதான் கேவலாதேவின் பெருமை. அதற்கு முக்கிய இரை கோரைக்கிழங்கு. முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் உள்ளே போய் வெட்டிவேர் தோண்டுவார்கள். மாடுகளும் நிலத்தை மிதித்துக் கிளறிவிடும். மண் இளகியிருந்ததால் கொக்கு அலகை விட்டுக் கிழங்கை எளிதாக எடுத்தது. தோண்டுவதும் நின்று, குளம்படியும் நின்ற பிறகு மண் இறுகிவிட்டது; கொக்கு வராததற்கு அதுவும் காரணம் என்றார்கள்.

அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் பாதை நெடுக அந்தக் கொக்குகள் வேட்டையாடப்பட்டன. 2001-02 குளிர்காலத்தோடு அவை பரத்பூருக்கு வருவதே நின்றுபோனது. ஆனாலும், மண்ணின் இறுக்கத்தையும் கொக்கின் அலகையும் வெட்டிவேர் தோண்டுபவனின் கடப்பாரையையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பார்க்கும் அறிவு, நாள்தோறும் அந்தச் சேற்றில் கால் வைத்தவர்களிடம்தான் இருந்தது. 1982-க்கு முன் யாராவது கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, சரியா தவறா என்று தெரிந்துகொண்டிருக்கலாம்.

மேய்ப்பவர்களோடு சேர்ந்து திட்டமிடுவது என்றால், கதவைத் திறந்துவிட்டு எல்லா மாடுகளையும் ஓட்டிவிடுவது அல்ல. கேவலாதேவின் ஆண்டுச் சுழற்சி தெளிவானது. மழைக்காலத்தில் நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டும். குளிர்காலத்தில் வலசை வாத்துகள் இறங்கும். கோடையில் நீர் வற்றும். நீர்த் தொகுதிகள் கரைகளால் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் தொகுதியில், எந்த மாதத்தில், எத்தனை எருமை என்று வரையறுக்க இதைவிட வசதியான சதுப்பு கிடைப்பது அரிது. எந்த ஊரின் எருமை முதலில் இறங்குவது, கூடு கட்டும் பகுதிக்கு எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, எண்ணிக்கை மீறினால் யார் தட்டிக் கேட்பது, புல் குறைந்துவிட்டால் யார் சொல்லி நிறுத்துவது – இவையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்கக்கூடிய விஷயங்கள். மேய்ச்சல் அதிகமானால் சதுப்பு கெடும் என்பதும் உண்மையே. அதனால்தான் அளவு வேண்டும், ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டும். முழுத் தடை போட்ட இடத்தில் கணக்குப் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது.

பரத்பூரில் பின்னாளில் நல்ல காரியங்களும் நடந்தன. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பறவைகளை அடையாளம் காட்டும் வழிகாட்டிகள் ஆனார்கள். சீமைக்கருவேலம் பூங்காவை விழுங்கத் தொடங்கியபோது, அதை வேரோடு பிடுங்கும் வேலையைச் சுற்றுக் கிராமக் குழுக்களிடம் கொடுத்து, விறகை அவர்களே எடுத்துக்கொள்ள விட்டார்கள். ஊரார் கைபட்டால் பூங்கா அழிந்துவிடும் என்ற அச்சம் எவ்வளவு வீண் என்பதற்கு அது ஒன்றே போதும். தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் பெரியது; கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில் பாஞ்சனா அணை வந்தபின், பூங்காவுக்கும் கரௌலி விவசாயிகளுக்கும் இடையே நடந்த இழுபறியைத் தனி அத்தியாயமாகத்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் ராஜஸ்தான் கதை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ஊர்க் கண்மாய்களாக இருந்து பறவைகள் சரணாலயம் ஆனவை. தண்ணீர் வற்றிய கோடையில் கண்மாயின் உள்வாயில் ஆடுமாடு மேய்வது தென் மாவட்டங்களில் வழிவழியாக நடப்பது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்திலேயே அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டது. மலைமாடு வளர்ப்பவர்கள் பட்ட கலக்கம் நமக்கு நினைவிருக்கும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், நிலையாகத் தங்கி மேய்ப்பவர்களுக்கும் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே அங்கீகரிக்கிறது. ஒரு சட்டம் கொடுத்த உரிமையை இன்னொரு சட்டத்தின் பெயரால் பறிப்பதற்கு முன், சம்பந்தப்பட்ட ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

நம் கண்மாய்ச் சரணாலயங்களுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதும் அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் என் வேண்டுகோள் இது. முதல் வரைவை எழுதும் முன்பே ஆடு மேய்க்கும் கீதாரிகளையும் மாடு மேய்ப்பவர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். தடை என்ற சொல்லை எழுதுவதற்கு முன், ஒரு பகுதியில் மேய்ச்சலை விட்டும் இன்னொரு பகுதியில் நிறுத்தியும் சில ஆண்டுகள் அளந்து பாருங்கள்.

அடுத்த வாரம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறோம். மாலி நாட்டில் நைஜர் ஆற்றின் உள்நாட்டுக் கழிமுகத்தில், வெள்ளம் வடிந்த புல்வெளிக்குள் எந்த மந்தை எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஃபுலானி மேய்ப்பர்கள் விதி வகுத்திருந்தார்கள்.

(தொடரும்)