கட்டுப் போடுவதற்கும் ஒரு மேற்படிப்பு

ஆறாத புண்ணைக் கவனிக்கும் நர்சுகளுக்குத் தனிப் பயிற்சி எதற்கு? பெங்களூருவை முன்வைத்து ஒரு விளக்கம்

மூன்று மாதமாக உள்ளங்காலில் ஒரு புண். தினமும் காலையில் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போய் டிரெஸ்ஸிங் மாற்றிக்கொள்கிறார் ஒரு சர்க்கரை நோயாளி. பெட்டாடினில் நனைத்த காஸ், மேலே பஞ்சு, சுற்றி ரோலர் பேண்டேஜ். ஆன்டிபயாடிக் இரண்டு முறை மாறிவிட்டது. கட்டு முடிந்ததும் காலைப் பழைய செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். புண்ணை உண்டாக்கியதே அந்தச் செருப்புதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெங்களூருவின் பெரிய மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட கால்கள் நாள்தோறும் வருகின்றன. ஜெயநகரிலிருந்தும் வரும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்தும் வரும். சில கால்கள் வந்து சேரும்போது விரலை எடுப்பதா, பாதத்தை எடுப்பதா என்பது மட்டுமே பேச்சாக இருக்கும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். அவர்களில் கணிசமானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது காலில் புண் வரும். பக்கவாதத்தாலும் முதுகுத்தண்டு அடிபட்டும் படுத்துவிட்டவர்களின் படுக்கைப் புண், நரம்பு புடைத்த கால்களின் புண், தீக்காயம், புற்றுநோய் வெடித்த புண் ஆகியவை இதற்கு மேல்.

இத்தனைக்கும் தினமும் கட்டைப் பிரித்துப் பார்ப்பவர் நர்ஸ்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் புண் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். அவிழ்த்தவர் கண்ணில் பட்டதும் அவர் எழுதி வைத்ததும்தான் சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. புண் பராமரிப்பை நர்சுகளுக்குப் பட்டப்படிப்புக்குப் பிந்தைய பயிற்சியாகக் கற்றுத்தர வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

புண்ணில் படிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலில் மறக்க வேண்டியதும் இருக்கிறது. புண்ணைக் காற்றாட விட்டால், காய்ந்து பொருக்குத் தட்டினால், சீக்கிரம் ஆறும் என்பது நம் வீடுகளில் ஊறிய எண்ணம். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களில் சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார், மற்றவற்றைக் காற்றில் விட்டார். மூடப்பட்டு ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஜெல், ஃபோம், ஹைட்ரோகொலாய்டு டிரெஸ்ஸிங்குகள் எல்லாம் கிளைத்தன.

ஆனால் 'ஈரம் நல்லது' என்று மனப்பாடம் செய்துகொண்டு வார்டுக்குப் போனால் ஆபத்து. ரத்த ஓட்டம் குறைந்த காலின் குதிகாலில் கருத்து, காய்ந்து, கெட்டியாக ஒட்டிக்கிடக்கும் பொருக்கை நனைக்கவும் கூடாது, பெயர்க்கவும் கூடாது. சீழும் சிவப்பும் இல்லாதவரை அதுவே உடம்பு போட்ட மூடி. அடுத்த கட்டிலில் இருப்பவரின் புண்ணில் மஞ்சளாகப் படிந்திருக்கும் செத்த திசுவையோ அகற்றியே ஆக வேண்டும். இரண்டையும் பார்த்த நொடியில் பிரித்தறிவதுதான் இந்தப் படிப்பின் முதல் தேர்வு.

அடுத்தது அளப்பது. 'புண் பரவாயில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. நீளம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில் வேண்டும். வெளியே சிறு வாயாகத் தெரியும் புண், தோலுக்கு அடியில் பை போல விரிந்திருக்கலாம். மழுங்கிய குச்சியை உள்ளே விட்டுத் துழாவி, நோயாளியின் தலைப்பக்கத்தை 12 மணியாக வைத்துக்கொண்டு, '3 மணி முதல் 6 மணி வரை, 2 சென்டிமீட்டர்' என்று குறித்துவைக்கிறார்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் அதே இடத்தில் தேடிப் பார்க்க முடியும். காலில் உலோகக் குச்சி கடினமாக எதிலாவது முட்டினால் எலும்புவரை கிருமி போயிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை நோய்ப் புண்ணின் பரப்பு நான்கு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால் இப்போதைய சிகிச்சை சரியில்லை, காரணத்தை மறுபடி தேடு என்பது ஒரு நடைமுறை விதி. அளந்து வைக்காதவருக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை.

கல்ச்சருக்கு அனுப்பும் ஸ்வாபிலும் இதே கதைதான். மேலே மிதக்கும் சீழைத் தொட்டு அனுப்பினால் அங்கு வாழும் கிருமிகள் எல்லாமே ரிப்போர்ட்டில் வரும். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் வரும். முதலில் புண்ணைச் சலைனால் கழுவி, சுத்தமான சதைப்பகுதியில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும்.

நரம்பு புடைத்த காலில் வரும் புண்ணுக்கு மருந்தைவிட இறுக்கமான கட்டே பெரிய சிகிச்சை. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் ஓட்டல் சப்ளையர்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் இது அதிகம். ஆனால் தமனி அடைத்த காலில் அதே கட்டைப் போட்டால் கால் போய்விடும். அதனால் கட்டுப் போடும் முன் கையடக்க டாப்ளர் கருவியால் கணுக்காலின் ரத்த அழுத்தத்தை எடுத்து, அதைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். விடை 0.9க்குக் கீழே வந்தால் தமனியைச் சந்தேகிக்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளின் தமனியில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதும் பாடத்திலேயே வரும்.

வேலூரும் இலங்கையும் தந்த பாடம்

'புண்ணைப் பார்க்காதே, அது ஏன் வந்தது என்று பார்' என்ற இந்தத் துறையின் மையக்கருத்துக்கு நம் பக்கத்து வரலாறு ஒன்று உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. வலி தெரியாததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழும் அழுத்தமும் சூடும் உரசலுமே புண்ணுக்குக் காரணம் என்று அவரது குழு காட்டியது. இரவோடு இரவாகச் சிலரின் விரல்நுனி காணாமல் போனதை விசாரித்தபோது, தூக்கத்தில் எலி கடித்தது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள்.

வலி தெரியாத பாதத்தில் புண் வந்தால் காலின் வடிவத்துக்கு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு, உடல் எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும் முறையை 1930களில் இலங்கையில் கையாண்டவர் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர். தொழுநோய்க்குப் பயன்பட்ட இந்த உத்தி, பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபின் சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் பரவியது. உள்ளங்கால் புண்ணின் அழுத்தத்தைக் குறைக்க இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்கும் முறை அதுவே. அழுத்தம் நீங்காமல் என்ன விலை உயர்ந்த டிரெஸ்ஸிங் போட்டாலும் பலன் குறைவு.

பெங்களூருவில் என்ன இருக்கிறது?

பயிற்சிக்கு வேண்டிய களங்கள் இந்த நகரத்தில் பலதரப்பட்டவை. முன்பு கர்நாடக நீரிழிவியல் நிறுவனம் என்றிருந்து இப்போது எண்டோகிரைனாலஜி ஆராய்ச்சி நிறுவனமாகியுள்ள அரசு அமைப்பில் பாத மருத்துவத்துக்கென்றே தனித் துறை உண்டு. பகவான் மகாவீர் ஜெயின் மருத்துவமனையின் ரத்தநாள மையம் காலைக் காப்பாற்றும் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. விக்டோரியா மருத்துவமனையில் மகாபோதி தீக்காய மையமும் தோல் வங்கியும் உள்ளன. நிம்ஹான்சில் தலையிலும் தண்டுவடத்திலும் அடிபட்டவர்களைப் பராமரிக்கும் நர்சுகளுக்குப் படுக்கைப் புண் தடுப்பு அன்றாட வேலை. 1959இல் என்.எஸ்.ஹேமா தொடங்கிய ஏபிடி அமைப்பு தண்டுவடப் பாதிப்புள்ளோரின் மறுவாழ்வில் ஈடுபட்டிருக்கிறது.

முற்றிய புற்றுநோயாளிகளை 1999 முதல் கட்டணமின்றிக் கவனித்துவரும் கருணாஷ்ரயா இன்னொரு வகைப் பாடசாலை. புற்றுநோய்ப் புண்களில் பல ஆறப்போவதில்லை. அங்கே இலக்கு வேறு: வலி, கசிவு, ரத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம். நாற்றத்தால்தான் வீட்டார் ஒதுங்குகிறார்கள், நோயாளி கூனிக்குறுகுகிறார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மீது தூவுவது இந்திய வலிதணிப்பு மருத்துவத்தில் பரவலாகக் கையாளப்படும் எளிய வழி. செலவு சில ரூபாய்தான். அறைக்குள் உறவினர் மறுபடி வந்து உட்காருவார்கள்.

பட்டுக்குப் பேர்போன கர்நாடகத்தில் பட்டுப்புரதத்திலிருந்து டிரெஸ்ஸிங் தயாரிக்கும் ஃபைப்ரோஹீல் நிறுவனமும் பெங்களூருவில்தான் இருக்கிறது. புதுப் பொருள்கள் வரட்டும். ஆனால் எந்தப் புண்ணுக்கு விலையுயர்ந்தது தேவை, எதற்கு வாஸ்லின் காஸே போதும் என்று தெரிந்தவர் வேண்டும். மும்பையில் தீக்காயங்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் வாழை இலையையும் டிரெஸ்ஸிங்காக்கிய மருத்துவர்கள் உண்டு. பணமில்லாத இடத்திலும் தத்துவம் புரிந்தால் வழி பிறக்கும்.

எங்கே, எப்படிப் படிப்பது?

வெளிநாடுகளில் பாதை தெளிவு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் புண் ஆறுதல் பற்றி முதுகலைப் படிப்பே உண்டு. டொரண்டோவில் 1999இல் தொடங்கிய பன்னாட்டுப் புண் பராமரிப்புப் படிப்பு, டாக்டர், நர்ஸ், பாத மருத்துவர், பிசியோ என எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்கிறது. சில நாள் நேரடி வகுப்பு, மாதக்கணக்கில் சுயபடிப்பு, முடிவில் தன் வேலையிடத்தையே மாற்றும் ஒரு செயல்திட்டம் என்பது அதன் அமைப்பு.

இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சிலின் ஓராண்டு டிப்ளமோ வரிசையில் தீவிர சிகிச்சை, புற்றுநோய், நரம்பியல், தீக்காயம் போன்றவை உண்டு. ஸ்டோமா (வயிற்றில் அறுவை செய்து அமைக்கும் கழிவுத் திறப்பு) பராமரிப்புக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை பல பத்தாண்டுகளாக நர்சுகளைப் பயிற்றுவிக்கிறது. ஆறாத புண் என்று வரும்போது பெரும்பாலும் சான்றிதழ் படிப்பு, பெல்லோஷிப், பயிலரங்கு என்ற வடிவங்களே கண்ணில் படுகின்றன. 2004இல் இந்தியாவிலும் தான்சானியாவிலும் தொடங்கிய 'ஸ்டெப் பை ஸ்டெப்' பாதப் பராமரிப்புத் திட்டம் ஒரு நல்ல முன்மாதிரி. அதில் ஊருக்கு ஒரு டாக்டரும் ஒரு நர்சும் ஜோடியாகப் பயிற்சிக்கு வந்தார்கள். திரும்பிப் போனபின் ஒருவர் சொல்வதை மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமோ கவுன்சிலோ ஏற்கிறது? நோயாளி அருகில் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில்? டாப்ளர், பாத உணர்ச்சியைச் சோதிக்கும் மோனோஃபிலமென்ட், அழுத்தக் கட்டு ஆகியவற்றைத் தானே செய்து காட்டித் தேற வேண்டுமா, எழுத்துத் தேர்வு மட்டுமா? பாடத்தை நடத்துவது ஆசிரியர்களா, டிரெஸ்ஸிங் விற்கும் கம்பெனியின் பிரதிநிதிகளா?

பாடத்திட்டத்தில் வீட்டுச் சமையலறைக்கும் இடம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டையும் மீனும் புண்ணுக்கு ஆகாது என்று பத்தியம் வைப்பது தமிழ் வீடுகளில் சகஜம். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். படுக்கைப் புண் நோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். ரசம் சோற்றில் அது வராது. நோயாளியின் மாமியாரிடம் அவர் மொழியில், அவர் கோபப்படாதபடி இதைச் சொல்லிப் புரியவைப்பதும் புண் பராமரிப்புத் திறன்தான். வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றினால் உணர்ச்சியற்ற பாதம் வெந்துபோகும் என்று எச்சரிப்பதும் அப்படியே.

சான்றிதழ் வாங்கிய பிறகு?

இங்கேதான் சிக்கல். பயிற்சி முடித்து வந்த நர்சை ஆறு மாதத்தில் பிரசவ வார்டுக்கு மாற்றினால் படித்ததெல்லாம் வீண். வார்டு வார்டாகச் சுற்றவிடும் டியூட்டி முறையில் இது எளிதாக நடக்கக்கூடியது. காலின் ரத்த ஓட்டம் சரியில்லை என்று அவர் கண்டுபிடித்தாலும், ரத்தநாள நிபுணருக்கு நேரடியாக அனுப்பும் அதிகாரம் இல்லையென்றால் இன்னொரு வாரம் கழியும். சம்பளத்திலோ பதவியிலோ மாற்றம் இல்லாத படிப்புக்கு யார் சொந்தப் பணத்தையும் விடுமுறையையும் செலவழிப்பார்கள்? வெளிநாட்டு வேலைக்குப் போக அது ஒரு படிக்கட்டாகத்தான் மிஞ்சும்.

நர்சிங் கல்வியைச் சீரமைக்க 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. சிறப்புப் பயிற்சிகளை வரையறுக்க இது நல்ல தருணம். ஆனால் மருத்துவமனைகள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புண் பராமரிப்பு நர்ஸ் என்று ஒரு நிலையான பதவி, அவருக்கு ஒரு டாப்ளர், எல்லா வார்டுக்கும் போய்ப் பார்க்க அனுமதி, நிபுணருக்கு நேரடியாக அனுப்பும் உரிமை, எத்தனை கால்கள் காக்கப்பட்டன என்ற ஆண்டுக் கணக்கு ஆகியவற்றை ஒரு நிர்வாக உத்தரவிலேயே கொடுத்துவிடலாம். பாதம் இழந்த ஒருவரின் அறுவை சிகிச்சை, செயற்கைக் கால், இழந்த கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் எந்த நிர்வாகிக்கும் அந்தப் பதவியின் சம்பளம் செலவாகத் தோன்றாது.