நிழற்படம் பேணலும் கணினிப் பழக்கமும்

மனிதனின் நினைவு தேயும் இயல்பினது. அதனைத் தாங்குவதற்கு அவன் அமைத்துக்கொண்ட கருவிகளுள் எழுத்து மூத்தது, நிழற்படம் இளையது. எனினும், எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி தன் தாயின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட விரும்பின், அவளுக்கு உதவுவது நிழற்படமேயன்றி எழுத்தன்று. இதன் அருமையை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த மக்கள் இழப்பின் வாயிலாக அறிந்தவர்கள். 1978 ஆம் ஆண்டு நவெம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியில் கூரைகள் பறந்தபோதும், 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தபோதும், இடைப்பட்ட போர்க்காலத்தில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோதும், வீட்டுச் சுவர்களிலும் பெட்டகங்களிலும் இருந்த குடும்பப் படங்கள் அழிந்தன. வீட்டை மீளக் கட்டலாம். இறந்தவரின் படத்தை மீள எடுத்தல் இயலாது.

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த கரடியனாறு போன்ற ஊர்களிலும் இன்று படப்பிடிப்புத் தொழில் கணினியைச் சார்ந்தே நடைபெறுகின்றது. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கண்ணகி அம்மன் சடங்கு, வடமோடி தென்மோடிக் கூத்துகளின் அரங்கேற்றம், பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகிய யாவும் படப்பிடிப்பாளரின் கணினியிலே வந்து தங்குகின்றன. அறிந்தோ அறியாமலோ அவர் தம்மூரின் வரலாற்றுக் காப்பாளர் ஆகிவிடுகின்றார். ஆதலின், படமெடுத்தல் அவர் தொழிலின் ஒரு பாதியே. எடுத்ததைப் பேணுதல் மறுபாதி. அம்மறுபாதி விலையுயர்ந்த கருவியால் நிறைவேறுவதன்று. மென்பொருளையும் இணையத்தையும் நாள்தோறும் ஒழுங்காகக் கையாளும் பழக்கத்தால் நிறைவேறுவது. அப்பழக்கத்தின் இயல்பை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படிகளின் பயன்

இலங்கையிற் பிறந்து உலகப் புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) என்பார். அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. ஆயினும் அவர் கலை அழிந்திலது. அவர் தம் கையால் அச்சிட்ட படங்கள் எஞ்சியிருந்தமையால், 1950 ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிடுதல் சாலும் ஆயிற்று. மூலம் அழிந்தும் படி பிழைத்தது என்னும் இவ்வுண்மையே இன்றைய எண்ணியற் படத்துக்கும் அடிப்படை விதியாகும்.

அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் என்பவர் இவ்விதியை மூன்று எண்களில் அடக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் 3 படிகள் இருத்தல் வேண்டும். அவை 2 வேறுவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். கரடியனாற்றில் இதனைச் செயற்படுத்துதல் கடினமன்று. ஒரு படி கணினியிலும், மற்றொன்று வெளி வன்தட்டிலும் இருக்க, மூன்றாவதை மட்டக்களப்பு நகரில் வாழும் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிடத்திலோ வைக்கலாம். வெள்ளம் ஓரூரைச் சூழும்போது மற்றோர் ஊரிலுள்ள படி பிழைக்கும்.

வெளி வன்தட்டு எப்போதும் கணினியோடு இணைந்திருத்தல் தகாது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வனாகிரை' என்னும் தீய மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளிற் கணினிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அத்தகைய மென்பொருள், இணைந்திருக்கும் வன்தட்டையும் பூட்டிவிடும். கழற்றி அலுமாரியில் வைத்த வன்தட்டை அதனால் அணுக இயலாது. மின்தடையும் மற்றொரு பகையாகும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இலங்கையில் மின்வெட்டு நிகழ்ந்தது. கோப்புகளைப் படியெடுக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் அவை குறைபடும். ஆகையால் படியெடுத்து முடிந்தபின், கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சிலவற்றைத் திறந்து நோக்கி, இரண்டு படிகள் உறுதியான பின்னரே கமராவின் நினைவட்டையை அழித்தல் முறையாகும்.

மூலமும் வழிநிலையும்

1975 ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் எண்ணியற் கமரா, 10,000 புள்ளிகளாலான படமொன்றை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 வினாடிகள் எடுத்தது. இன்றைய கமரா 2 கோடி 40 இலட்சம் புள்ளிகளைக் கண்ணிமைக்கும் பொழுதிற் பதிகின்றது. அவ்வளவு செய்தியையும் சுருக்கிச் சிறிய கோப்பாக்கும் முறைகளுள் 1992 ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட 'ஜேபெக்' பெருவழக்கானது. அது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுட்பங்களைக் களைந்து அளவைக் குறைக்கின்றது. களைந்தவை மீளா. ஒரே ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் சிறிது தேய்வு உண்டாகும்.

'றோ' என வழங்கும் மூலப்பதிவு இத்தகையதன்று. ஜேபெக் ஒவ்வொரு நிறத்திலும் 256 ஒளிப்படிகளையே காட்டவல்லது; 14 பிட் மூலப்பதிவோ 16,384 படிகளைக் கொண்டது. நண்பகல் வெயிலில் வெண்சேலை உடுத்து நிற்பவரின் சேலை மடிப்பும், அவர் பின்னே கோயில் மண்டபத்தின் இருளும் ஒரே படத்தில் வேண்டுமாயின், அவ்வேறுபாட்டின் பயன் விளங்கும். எனவே, மூலத்தை ஒருபோதும் மாற்றாது வைத்து, திருத்தங்களை அதன் படியிலோ தனிக்கோப்பிலோ செய்தல் வேண்டும்.

பெயரிடலும் குறிப்பெழுதலும்

பெயரில்லாத படம் சில ஆண்டுகளில் அநாதையாகின்றது. கமரா இடும் பெயர் வெறும் தொடரெண். 9999 கடந்தபின் அதே எண்கள் மீண்டும் வரும். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் கோப்புறைக்குப் பெயரிட்டால், கணினி அவற்றைத் தானாகவே காலவரிசைப்படுத்தும். 2024-05-18 என்பது முதலில் அமைய, அதன்பின் நிகழ்ச்சியின் பெயர் வருதல் நலம்.

ஆயினும் கோப்பின் பெயர் மட்டும் போதாது. படத்தில் உள்ளவர் யார், இடம் யாது, நிகழ்ச்சி எது என்னும் குறிப்பைப் படத்தின் உள்ளேயே பொதிந்து வைக்கலாம். இவ்விடத்தில் ஈழத்துப் படப்பிடிப்பாளருக்குத் தனியே ஓர் இடர் உண்டு. பல்லாண்டுகளாக இங்கு தமிழ்த் தட்டச்சுக்குப் 'பாமினி' எழுத்துருவே பெரிதும் வழங்கியது. பாமினியில் அடித்த சொல், உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே கணினியிற் பதிவாகின்றது; அவ்வெழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் மட்டும் கொடுக்கின்றது. அவ்வெழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் அதே குறிப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தோன்றும், தேடினும் அகப்படாது. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட குறியெண்கள் உண்டு. குறிப்புகளை யுனிகோட்டிலே எழுதுதலும், பழைய பாமினிக் குறிப்புகளை மாற்றிக்கொள்ளுதலும் இன்றியமையாதன. ஊரின் முதியோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டுப் பெயர்களை எழுதுதல் அதனினும் இன்றியமையாதது. அறிவார் மறைந்தபின் எம்மென்பொருளும் அப்பெயர்களைத் தரமாட்டாது.

காலக் குறிப்பு

கமரா ஒவ்வொரு படத்திலும் நாளையும் நேரத்தையும் 'எக்சிஃப்' என்னும் மறைகுறிப்பாகப் பதிகின்றது. கடிகாரம் பிழையாயின் வரலாறும் பிழைக்கும். இலங்கையில் இதற்குத் தனிச் சிறப்பான காரணமும் உண்டு. 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு 6½ மணி முன்னதாக மாற்றப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபரில் அது 6 மணியாயிற்று; 2006 ஆம் ஆண்டு ஏப்பிரலிலேயே பழைய 5½ மணிக்கு மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இம்மாற்றம் பின்பற்றப்படவில்லை. ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் கிரீனிச் நேரம் 0.58 இல் நிகழ்ந்தது. அப்போது மட்டக்களப்பு நகரின் கடிகாரம் 6.58 காட்டியது, பழைய நேரத்தைப் பின்பற்றியோரின் கடிகாரம் 6.28 காட்டியது. வாவியின் இரு கரையிலும் ஒரே கணத்தில் எடுத்த இரு படங்கள் அரைமணி வேறுபடக்கூடும். அக்காலக் கமராக்கள் நேரத்தை மட்டும் பதிந்தனவேயன்றி, எந்நாட்டு நேரம் என்பதைப் பதியவில்லை. அதற்கான இடம் 2016 ஆம் ஆண்டின் எக்சிஃப் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. அக்காலப் படங்களை வரிசைப்படுத்துவோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மென்பொருட் தேர்வு

1990 ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷொப் இத்துறையிற் பெரும்பெயர் பெற்றது. அதன் கட்டணம் சிற்றூர்ப் படப்பிடிப்பாளருக்குப் பெருஞ்சுமை. அதனால் பலர் பூட்டுடைத்த கள்ளப்படியை நாடுகின்றனர். அப்படியோடு தீய மென்பொருளும் வீட்டினுட் புகுதல் கூடும். திருட்டுச் சாவியால் திறந்த கதவு திருடனுக்கும் திறந்தேயிருக்கும். விலையின்றி நேர்வழியிற் கிடைக்கும் நல்ல மென்பொருள்கள் உள்ளபோது இவ்விடர் வேண்டியதில்லை. படங்களை வகைப்படுத்திக் குறிப்பெழுதுவதற்கு 'டிஜிகாம்', மூலப்பதிவை மூலம் மாறாது பதப்படுத்துவதற்கு 'டார்க்டேபிள்', நுண்திருத்தத்துக்குக் 'கிம்ப்' ஆகியன போதுமானவை. இவற்றையும் ஆக்கியோரின் சொந்த இணையத்தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். தேடுபொறியின் தலைப்பில் விளம்பரமாகத் தோன்றும் தளங்கள் எப்போதும் உரியவர்களின் தளங்களாக இருப்பதில்லை.

இணையத்திற் பேண வேண்டிய ஒழுங்கு

2015 ஆம் ஆண்டிலிருந்து கடவுச்சீட்டுக்கான படங்களைப் பதிவுபெற்ற படப்பிடிப்பு நிலையங்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இணையவழி அனுப்பி வருகின்றன. ஆகவே, படப்பிடிப்பாளர் பொதுமக்களின் அடையாளத்தையே கையாள்பவராகின்றார். வெளிநாடு செல்லக் காத்திருக்கும் ஏழைப் பெண் ஒருத்தியின் படம் தவறானவர் கையிற் சேருமாயின், தீங்கு அவளுக்கே. இக்காரணத்தால் சில ஒழுங்குகள் வேண்டும். அரச தளங்களின் முகவரியை ஒருமுறை சரிபார்த்து உலாவியிற் குறித்துவைத்து, அக்குறிப்பின் வழியே செல்லுதல். தொழிலுக்கென ஓர் உலாவியையும் பொழுதுபோக்குக்கென வேறோர் உலாவியையும் பயன்படுத்துதல். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு கடவுச்சொல் வைத்தல். கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாம் குறியீட்டையும் கேட்கும் முறையை இயக்குதல். பிறர் கணினியிற் கடவுச்சொல்லைச் சேமியாது விடுதல் என்பன அவை. இணைப்பு மறைகுறியாக்கம் பெற்றது என்று உலாவி காட்டுவது, இடையிலுள்ளோர் செய்தியைப் படிக்க இயலாது என்பதற்கே சான்று. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்குச் சான்றன்று.

படங்களைப் பிறருக்கு அனுப்புவதிலும் விழிப்பு வேண்டும். வட்ஸ்அப் வழியே வழமையான முறையில் அனுப்பும் படம் மிகச் சுருக்கப்பட்டு, தன் மறைகுறிப்புகளையும் இழக்கின்றது. அதனையே 'ஆவணம்' என்ற வகையில் அனுப்பினால் மூலம் மாறாது செல்லும். திருமணப் படங்களை வட்ஸ்அப்பில் மட்டும் பெற்றுக்கொண்ட குடும்பம், பின்னர் அவற்றைப் பெரிதாக அச்சிட முயலும்போது ஏமாற்றமடைகின்றது. மறுபுறம், மூலப்படத்தை அவ்வாறே பொதுவெளியில் இடுதலும் தகாது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தின் மறைகுறிப்பில் எடுத்த இடத்தின் நெடுங்கோடும் அகலக்கோடும் இருத்தல் கூடும். சிறுபிள்ளைகளின் படங்களை இடுமுன் அவற்றை நீக்குதலும், பெற்றோரின் இசைவைப் பெறுதலும் கடமையாகும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிழற்படத்தையும் பாதுகாக்கப்படும் ஆக்கமாகக் கொள்வதால், இணையத்திற் கண்ட பிறர் படத்தைத் தமதெனப் பயன்படுத்துதலும் ஆகாது. ஒரு படம் எங்கிருந்து வந்தது, எப்போது முதலில் வெளிவந்தது என்பதை, படத்தையே கொடுத்துத் தேடும் தேடுபொறிகள் பெரும்பாலும் காட்டித்தரும். பேரிடர்க் காலங்களிற் பழைய படங்கள் புதியனவாகப் பரவும்போது இம்முறை மெய்யைப் பொய்யிலிருந்து பிரிக்க உதவும்.

முடிவுரை

தனியொருவர் பேணும் செல்வம் அவர் காலத்தோடு முடியலாம். பொதுவில் ஒப்படைத்த செல்வம் தலைமுறைகளைத் தாண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் துணையோடு தமிழகத்துப் பழைய படப்பிடிப்பு நிலையங்களின் படங்களை எண்ணியற் படிகளாக்கியுள்ளது. ஈழத்துத் தமிழ் நூல்களை 2005 ஆம் ஆண்டு முதல் இணையத்திற் சேர்த்து வரும் நூலகம் என்னும் முயற்சியும், ஆவணகம் என்ற பகுதியில் நிழற்படங்களுக்கு இடமளித்துள்ளது. கூத்து, சடங்கு, குளக்கட்டு, பழைய பாடசாலைக் கட்டடம் ஆகியவற்றின் படங்களை உரிய குறிப்புகளோடு இத்தகைய இடங்களிற் சேர்ப்பித்தல் வாவிக்கரைப் படப்பிடிப்பாளர் செய்யத்தக்க பெருந்தொண்டாகும்.

இதுகாறும் கூறியவற்றுள் பெருஞ்செலவு வேண்டுவது எதுவும் இல்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரமும் தளராத ஒழுங்குமே வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் இல்லங்களிலுள்ள படங்களிலிருந்தே இவ்வொழுங்கைத் தொடங்கலாம். அடுத்த சூறாவளி எந்நாளில் வரும் என்று எவரும் அறியார். அது வரும் நாளில், பெயரும் காலமும் பொறித்த படியொன்று மற்றோர் ஊரிற் பாதுகாப்பாக இருக்குமாயின், கூரை பறந்தாலும் முகங்கள் அழியா.